கருப்புக்குப் பிறந்த செவலை

என் பிரியமான மச்சான் சூசைக்கு,

நீ இருந்து கேட்டிருக்க வேண்டிய சேதி ஒன்று வைத்திருக்கிறேன். என் கருப்புப் பசு முந்தாநாள் காலையில் கன்று போட்டது. கிடேரிக் கன்று. செவலை, மச்சான்! உடம்பில் ஒரு கருப்பு மயிர் இல்லாத சுத்தமான செவலை.

இந்தத் தடவை மாட்டை மேய்த்தது நீ இல்லை. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பசு என் வீட்டு வாசலை விட்டு நகரவே இல்லை. அதற்குச் சேர்த்தது நம் லயத்துக் கருப்புக் காளையைத்தான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நானேதான். அப்படியானால் இந்தச் சிவப்பு எந்த வழியாக வந்தது?

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். வாசிக்கிறவர்களுக்கு நடந்தது புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு, தோட்டத்தில் நாம் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட வருடம். மாட்டுப்பட்டியும் வேலிக்குள் வந்துவிட்டது. இடம் போதாது, ஒரு பொலிகாளைதான் வைத்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லிவிட்டார். நம்மிடம் இருந்ததோ இரண்டு. ஒன்று, யானைக்குட்டி மாதிரி நிற்கும் கருப்பு. இன்னொன்று, தஞ்சோங் காராங் பக்கம், வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருக்கும் மலாய்க்காரர் கிராமமான கம்பத்திலிருந்து நீ வாங்கி வந்த குட்டைச் செவலை. நான் கருப்புக்காகக் கட்சி கட்டினேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு வாங்க வரும் ஹாஜி முதலில் பார்ப்பது உடம்பைத்தானே.

"ஒரே காளைய வச்சிக்கிட்டா ரெண்டு வருசத்துல அப்பனும் மகளும் ஒண்ணாயிடும்லா" என்றாய். "செவலையும் இருக்கட்டும் மச்சான். சின்ன உடம்புதான், ஆனா பசு சுளுவா ஈனும். நம்ம புல்லுக்கு அதுதான் தாங்கும்."

"கறிக்கு வளக்கிறோமா, அழகு பாக்க வளக்கிறோமா?" என்று நான் கேட்டேன்.

"வாங்குற ஹாஜிக்கும் ஈஸ்டருக்கு வெட்டுற எனக்கும் இல்லாத கவல, கறியத் தொடாத ஒனக்கு எதுக்குயா?" என்று சிரித்தாய். லயமே சிரித்தது. ஆனாலும் நான் சொன்னதுதான் நடந்தது, உன் செவலை கம்பத்துக்கே திரும்பிப் போனது.

நீ தோட்டத்து மாட்டுக்காரன். காலையில் பாஸைக் காட்டி மந்தையை வெளியே ஓட்டிப் போவாய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாய். வாய்க்கால்தான் எல்லை. அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டு போகிறாய் என்பார்கள். திரும்பி வரும்போது உன் புல்லுக்கட்டுக்குள்கூட இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்த காலம் அது.

எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த இரண்டு வாரத்தில்தான் என் பசு பருவத்துக்கு வந்தது. மந்தையில் கருப்போடு சேர்ந்தது என்று நீ வந்து சொன்னாய். சந்தோஷப்பட்டேன். மாதம் நிறைந்து கன்று விழுந்தது. பார்த்தால், செவலை.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. விடிந்ததும் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நிற்கும்போது, வேலிக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கத்தினேன். "எம் பசுவ வாய்க்கா தாண்டி கம்பத்துக்கு ஓட்டிட்டுப் போயிருக்கான்! அவன் செவலைக்கே விட்டிருக்கான்! கன்னுக்குட்டியப் போயி பாருங்க!"

நீ கத்தவில்லை. "அந்தோணியார் சத்தியமா போகல மச்சான். ஒம் பசுவும் இந்தக் கருப்பும் ஒரே பழைய காளைக்குப் பொறந்ததுங்க. அந்தப் பழைய காளையோட ஆத்தா செவலை. நீ இந்தத் தோட்டத்துக்கு வர்றதுக்கு முந்தியே அது செத்துப் போச்சு. அந்த நெறம் திரும்பி வந்திருக்கு" என்றாய்.

செத்த கொள்ளுப்பாட்டி நிறம் பாட்டனைத் தாண்டி, அப்பனையும் ஆத்தாளையும் தாண்டி வருமா என்று நான் சிரித்தேன். கேட்டில் நின்ற போலீஸ்காரர் காதில் கருப்பும் விழவில்லை, செவலையும் விழவில்லை. 'வாய்க்கா தாண்டி' என்ற இரண்டு வார்த்தைதான் விழுந்தது. அன்று மத்தியானமே லோரி வந்து உன்னைக் கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனது. பதினேழு நாள். போலீஸைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, மச்சான். மாட்டைப் பற்றித்தான் நினைத்தேன். அது ஒரு சமாதானமா?

நீ திரும்பி வந்தாய், பாஸ் திரும்பி வரவில்லை. மந்தை வேறு ஆளிடம் போனது. உன்னைப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். சாயங்காலம் மாடுகள் திரும்பும்போது நீ வாசலில் நிற்பாய், அவை உன் பக்கம் திரும்பிக் கத்தும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். உன்னை மச்சான் என்று கூப்பிடுவதையும் நிறுத்தினேன். "மாட்டுக்காரரே" என்றேன், மாடு இல்லாத உன்னை.

அதோடு விட்டேனா? உன் பொய்யை நிரூபித்துக் காட்டப் புறப்பட்டேன். பசுவை மந்தைக்கு விடாமல் வாசலில் கட்டி, நானே புல் அறுத்துப் போட்டு, அதே கருப்பைக் கொண்டு வந்து சேர்த்தேன். கருப்புக் கன்று பிறந்தது. அடுத்த ஈற்றும் கருப்பு. இரண்டு கன்றையும் உன் வீட்டு வழியாகவே வேண்டுமென்று ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாவதைப் பார்த்தபோது நீ சொன்னது இவ்வளவுதான்: "இன்னும் ஒரு ஈத்து பாரு."

பார்த்துவிட்டேன். அதற்குள் காமாலை உன்னைக் கொண்டு போய்விட்டது.

நேற்று மாடுகளுக்கு ஊசி போட வந்தவரிடம் கேட்டேன். எனக்கு ஆறவில்லை, தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. "கருப்பு கூட இருந்தா செவப்பு வெளிய தெரியாது. உள்ளுக்குள்ள இருக்கும். ரெண்டு பக்கத்துலேருந்தும் அது வந்து சேந்தாத்தான் வெளிய வரும். அப்பவும் எல்லா ஈத்துலயும் வராது" என்றார். எத்தனை தலைமுறை அப்படிப் பேசாமல் கிடக்கும்? ஒரே காளையை வைத்து வேலிக்குள் அடைத்ததால்தான் இரண்டு பக்கத்துச் சிவப்பும் சந்தித்ததா? உனக்கு மட்டும் இது எப்படித் தெரிந்தது, மாட்டைப் பார்த்தேவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சின்ன மகளுக்குப் பூனைக்கண். எனக்கும் இல்லை, அவள் அம்மாவுக்கும் இல்லை. என் அப்பாயிக்கு இருந்தது என்று நானே உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பெரட்டில் நான் கத்தியபோது, அந்தக் கண் மட்டும் எங்கிருந்து வந்தது என்று அத்தனை பேர் முன்னால் நீ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என் வாய் அடைத்துப் போயிருக்கும், என் வீட்டுக்காரி தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. நீ கேட்கவில்லை. பதினேழு நாள் உள்ளே இருந்தாய், அப்போதும் கேட்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கன்றைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி அந்தோணியம்மா அதன் காதைத் தடவிப் பார்த்தது. பால் மறந்ததும் கன்றை உங்களுக்கே தருகிறேன் தங்கச்சி என்றேன்.

"எனக்குக் கன்னு வேணாண்ணே" என்றது. "எங்க நின்னு கத்துனீங்களோ, அங்க நின்னு சொல்லுங்க."

நம் பக்கத்தைக் கட்டுப்பாடு நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள், மச்சான். கம்பியைச் சுருட்டி ஸ்டோர் பின்னால் போட்டிருக்கிறார்கள். வாய்க்காலைத் தாண்ட இப்போது யாரும் பாஸ் கேட்பதில்லை. கருப்பை ஹாஜியிடம் கொடுத்துவிட்டு, கம்பத்தில் உன் செவலைக்குப் பிறந்த காளை ஒன்று இருக்கிறதாம், அதைக் கொண்டு வரப் போகிறேன். அது வேற்று ரத்தம், நம் பசுக்கள் இனிமேல் சுளுவாக ஈனட்டும். ஆனால் அது இரண்டாவது வேலை.

முதல் வேலை நாளைக் காலையில் இருக்கிறது. இந்தக் கடிதம் அச்சில் வருவதற்குள் அதை முடித்திருப்பேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பெரட்டுக்கு எல்லோரும் வந்ததும், கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அதே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். சூசை வாய்க்காலைத் தாண்டவில்லை என்று, அன்றைக்குக் கத்திய அதே குரலில் கத்துவேன்.

கத்தி முடித்த பிறகு, இப்படிக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டு என்று நீ நினைத்தால்,

உன் மச்சான்,
வீரையா