இவர் தோற்க வேண்டிய ஞாயிறுகள்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பூசைக்குப் போய் வருவதற்குள் சேலை ஓரமெல்லாம் செம்மண். மாலை ஐந்துக்கு விட்டது. திடல் முழுக்கச் சேறு, ஆனாலும் ஆட்டம் நடந்தது.

மேல் டிவிஷன் 0 – 3. அருமை!

அருமை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரே இவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று கோலையும் விட்டவர் இவர்தான். என் வீட்டுக்காரர் அந்தோணி, வயது நாற்பத்தொன்று, எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் அணிக்குக் கீப்பர். நான் கீழ் டிவிஷன் அணியின் செயலாளர்.

"என்ன எழுதுற?"

"சாமான் லிஸ்ட்டு."

பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுதுகிறேன்: வெங்காயம், மைலோ, தேங்காய்ப் பால் இரண்டு, தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

ஓ.டி. இல்லை. செண்டாயான் பேக்டரியில் மெஷின் படுத்துவிட்டது. நான்கு மணிக்கே பஸ் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், மாணிக்கம் அண்ணன் தினமும் போன் போட்டுக் குழப்புகிறார். அண்ணன் எங்கள் அணித் தலைவர், தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லாரையும் வேலைக்கு விரட்டுகிற குரல்.

ரந்தாவ் ஊரைச் சுற்றி ஆறு அணி. ஆள்களெல்லாம் பேக்டரிக்குப் போனபின் எங்கேயும் பதினொரு பேர் தேறுவதில்லை. அதனால் சீசன் முடிந்ததும் புது ஆட்டக்காரர்கள் பெயரையெல்லாம் ஒரே பட்டியலில் போட்டு, அணிகள் முறை வைத்துப் பொறுக்கும். கடைசியில் வந்த அணிக்கு முதல் முறை. சென்ற ஆண்டு நாங்கள் அந்தோணியை ஒரு சீசனுக்கு மேல் டிவிஷனுக்குக் கொடுத்து, இந்த ஆண்டு அவர்களுடைய முறையை வாங்கிக்கொண்டோம். அவர்கள் கடைசியில் வந்தால் முதலில் பொறுக்குவது நாங்கள். பொறுக்க வேண்டியது ஜேசன். போர்க்லிப்ட் ஓட்டுகிறவன், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன், இரண்டு காலாலும் அடிப்பான்.

இப்போது: மேல் டிவிஷன் 4 புள்ளி, கடைசி. டவுன் அணி 6. இன்னும் இரண்டு ஆட்டம்.

அந்தோணியைக் கொடுத்தால் அவர்கள் கடைசியில் வருவது உறுதி என்று கூட்டத்தில் யோசனை சொன்னது யார்? நான்தான். இவருக்குத் தெரியாது. மேல் டிவிஷன்காரர்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் புதுக் கையுறை வேறு.

ஜூன் 13, வெள்ளி

மா. அண்ணன் போன்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆட்டுக்கறி ஆக்கிப் போடு. வயிறு முட்டத் தின்னா மனுசன் எப்படிக் குதிப்பான்?"

"பாவம் இல்லையாண்ணே?"

"புருசனுக்குச் சோறு போடறது பாவமா லா?"

கறிக்கடைக்குப் போன் போட்டேன். ஒரு கிலோ சொல்லி வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டுக்கறி, பருப்பு, அப்பளம், பாயசம். மூன்று தட்டு. கை கழுவ எழுந்தவர் திரும்பி வந்து, "கல்யாணமான நாளா இப்படி நீ ஆக்கிப் போட்டதில்ல ஸ்டெல்லா" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆட்டம் 0 – 0. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு எப்படிப் பறந்தார் என்று புரியவில்லை. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் இரண்டு, ஒன்றை முகத்தாலேயே தடுத்தார்.

எங்கள் ஆள்கள் பன்னிரண்டு பேர் போயிருந்தோம், இவர்கள் தோற்பதைப் பார்க்க. அந்தோணிக்குக் கைதட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்து மேல் டிவிஷன் பெண்கள் அவித்த கச்சான் கடலை கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கித் தின்றோம், வெட்கமில்லாமல். எதிரணி பந்தோடு ஓடும்போதெல்லாம் மா. அண்ணன் கை தானாக மேலே போகும், உடனே தலையைச் சொறிவார்.

டவுன் தோற்றது. மே.டி. 5, டவுன் 6. அடுத்த ஞாயிறு இரண்டுக்கும் நேருக்கு நேர். மே.டி. ஜெயிக்காமல் இருந்தால் போதும்.

இவர் சொல்கிறார், அடுத்த வாரமும் ஆட்டுக்கறிதான் வேண்டுமாம். ராசியாம்.

ஜூன் 18, புதன்

பஸ்ஸில் ஜேசன் மனைவி பக்கத்து சீட். "எந்த டீம் எடுத்தாலும் சரிக்கா. ஞாயித்துக்கெழம வீட்டுல படுத்துக்கிட்டு ரிமோட்ட நோண்டாம இருந்தா போதும்."

கட்டிய கணவன் தோற்க வேண்டும் என்று ஜெபிக்கலாமா? பாதரிடம் கேட்கத் துணிவில்லை. பெயர் சொல்லாமல் பொதுவாக ஜெபிக்கிறேன். கடவுளுக்குத் தெரியாதா.

மின்கட்டணம் கட்ட வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு



முதல் பாதியில் மே.டி. ஒரு கோல் போட்டுவிட்டது. கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது டவுனுக்குப் பினால்டி. மா. அண்ணன் என் காதில், "உள்ள போச்சுன்னா டிரா. டிரான்னா இவனுங்க கடைசி. ஜேசன் நம்மாளு." சரி, சரி என்று தலையாட்டினேன். மனசார ஆட்டினேன்.

அப்புறம் இவரைப் பார்த்தேன். கோலுக்கு நடுவில் ஒற்றை ஆளாக, முழங்கால் பட்டி அவிழ்ந்து தொங்க.

பிடித்துவிட்டார். தள்ளிவிடவில்லை, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் புரண்டார்.

நான் எழுந்து நின்று "எம் புருசன்! எம் புருசன்!" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, ஆனால் பதினொரு பேர் சாட்சி இருக்கிறார்கள்.

"தங்கச்சி, நீ எந்த டீமுக்குச் செயலாளரு?" மா. அண்ணன்.

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் அதிகம். டவுன் கடைசி, மே.டி. ஐந்தாவது. எங்களுக்கு இரண்டாவது முறைதான். ஜேசன் போனான்.

ஜூன் 29, ஞாயிறு

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பொறுக்கல். மீ கோரெங் நூடுல்ஸ், பால் சேர்க்காத தே ஓ. பலகையில் எழுதும் வேலை என் தலையில். அணி மாற்றிக் கொடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் சீசன் முடிந்தால் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி, அதனால் கடைசியில் இவர் பெயரும் இருந்தது. அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்றே நினைத்தேன்.

முதல் முறை டவுன். தலைவர் லிங்கம் எழுந்தார். நான் "ஜே" வரைக்கும் எழுதிவிட்டேன்.

"அந்தோணி," என்றார்.



"பினால்டியப் புடிச்சு எங்கள அடியில தள்ளுன ஆளு. இன்னொரு வருசம் அவர எதுத்து வெளையாட எங்களால ஆகாது லா."

"ஜே"யை அழித்தேன். 1. அந்தோணி. என் கையெழுத்து அவ்வளவு கோணலாக வந்ததே இல்லை. இவர் பின்னால் நின்றார், தே ஓ கிளாஸோடு, யாரோ வேறு அந்தோணியைச் சொன்னதுபோல் சுற்றிப் பார்த்துக்கொண்டு. ஆறு அணியில் முதல் ஆள், நாற்பத்தொரு வயதில்!

இரண்டாவது நாங்கள். ஜேசன். மா. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"எல்லாம் நம்ம ஸ்டெல்லா மூளை! அந்தோணியக் குடுத்துட்டா மேல் டிவிஷன் மண்ணக் கவ்வும்னு போன வருசமே சொன்னுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பிறகு கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் இறங்கியதும், "அது நான்தாங்க சொன்னேன்" என்றேன்.

"கேட்டுச்சு. மைக்குலதான சொன்னாரு."

சாப்பிடவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று பேசியவை: "சாவி." "ம்." "கேஸ் தீந்துருச்சு."

வெளியே டீ குடித்துவிட்டு வந்தாராம், பசியில்லையாம். அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கும்போது அழுதுகொண்டேன், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

வாட்சாப்பில் அடுத்த சீசன் அட்டவணை. முதல் ஆட்டமே டவுனும் கீழ் டிவிஷனும். இவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நான் தோக்கணும்னு வேண்டுனியா?"

"ஆமா."

"எல்லா மேட்சுக்குமா?"

"பினால்டி வரைக்கும்."

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்த மேட்சுக்கு எங்க உக்காருவ?"

"உங்க கோலுக்குப் பின்னால."

"செயலாளரு அங்க உக்காந்தா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்காட்டிப் போறாங்க."

"பாதி நேரத்துல கோல் மாறும்."

"நாற்காலியத் தூக்கிக்கிட்டு நானும் மாறுவேன்."

சட்டியைத் திறந்து பார்த்தார். சோறு போடு என்றார்.