படத்தில் விழக் கூடாதவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் கூட இருக்கிற அந்த நர்ஸ் அக்காவுக்கும் காட்டாதே. அம்மா போன் செய்யும்போது, "வாலு கடிதம் போட்டிருந்தா" என்று வாய்தவறிச் சொல்லிவிடாதே. உனக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் முதலிலேயே இப்படிக் கெஞ்சுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் எப்போதும் அம்மா கையில். எல்லோரும் தூங்கிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டு, சாமான் அறையில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, விளக்கின் மேல் துண்டைப் போட்டு எழுதுகிறேன். உண்மையில் யாரும் தூங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் பேசும் சத்தம் கேட்கிறது. வார்த்தை புரியவில்லை.

நீ நலமா? வேலை எப்படி? சளி விட்டதா? இதையெல்லாம் கேட்காமல் ஆரம்பித்தால், மரியாதை தெரியாதவள் என்று திட்டுவாய். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனை நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு புத்தகம். எல்லோரும் படித்துவிட்டு, பெயர் போடாமல் ஒரு தாளில் கருத்து எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கூட்டத்தன்று நூலகர் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். எழுதியது யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் முன்னால் போய் நின்று தன் கருத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. எதை எழுதினாலும் நாவலில் அது எந்தப் பக்கம் என்று குறிப்பிட வேண்டும். தலைவராக இருக்கிற தாத்தா முன்பு நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பக்கம் இல்லாத கருத்து அவருக்குச் சாட்சி இல்லாத வழக்கு மாதிரி.

இந்த மாதப் புத்தகம் ஒரு அரசியல் த்ரில்லர். பெரிய தலைவர் ஒருவரின் நான்கு மெய்க்காவலர்கள். பொதுக்கூட்டத்தில் அவரைக் கத்தியால் குத்த ஒருவன் பாயும்போது நான்கு பேருமே தள்ளி நிற்கிறார்கள். வேலை போகிறது, மானம் போகிறது, ஊர் ஊராக ஓடுகிறார்கள். பாதிப் புத்தகத்தில்தான் தெரிகிறது, தள்ளி நிற்பதற்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று.

அட்டையைப் பார்த்ததுமே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இது நம் அப்பாவுக்கு நடந்ததை வைத்து எழுதியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ ஒருநாள் அப்பாவிடம் நேராகவே கேட்டாய், "பணம் வாங்கினீங்களா இல்லையா?" என்று. அப்பா வாயே திறக்கவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அன்றிலிருந்து போனில் அம்மாவை மட்டும்தான் கேட்கிறாய். நீ போன பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் ஒட்டுக்கேட்டேன். அன்று தலைவர் மேடையிலிருந்து இறங்கிக் குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாராம். படம் எடுப்பவர், "கறுப்புச் சட்டைக்காரங்க நாலு பேரும் படத்துல விழுறாங்க" என்றாராம். தலைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் போங்க என்று கையை ஆட்டினாராம். நகர்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அந்தக் கத்திக்காரன் பாய்ந்தான். பிறகு விசாரணையில், நான் யாரையும் நகரச் சொல்லவில்லை என்றுவிட்டார் தலைவர். அவ்வளவுதான். நான் கேட்டதை அம்மா கண்டுபிடித்து, உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அக்காவுக்குக் கோபம் வந்தால் எங்கே பேசுகிறோம் என்று தெரியாது, பெரிய இடத்தோடு நமக்கு மல்லுக்கட்ட முடியாது என்றார்.

இங்கே யாருக்கும் அப்பா யாரென்று தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், அவ்வளவுதான். கொஞ்சம் சிடுமூஞ்சி என்று நினைக்கிறார்கள். என்னை அழைத்துப்போக நூலகத்துக்கு வந்தால் உள்ளே வந்து உட்கார மாட்டார். கதவோரம் சுவரில் முதுகை வைத்து நின்றுகொண்டு, எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நாவலைப் படித்துவிட்டு எனக்குத் தாங்கவில்லை அக்கா. என் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: "அவர்கள் பணம் வாங்கவில்லை. படத்தில் விழாமல் தள்ளி நில்லுங்கள் என்று தலைவர்தான் சொன்னார். எழுதியவருக்கு இது தெரியாது." மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்ற திமிர்தான்.

இன்று சாயங்காலம் கூட்டம். முதலில் எல்லாம் ஜாலியாகத்தான் போனது. ஒருவர், கார் துரத்தல் பிரமாதம், ஆனால் அத்தனை பக்கம் ஓடியும் ஒரு இடத்தில்கூட யாரும் பெட்ரோல் போடவில்லையே என்று எழுதியிருந்தார். இன்னொருவருக்குக் கடைசி அத்தியாயம் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமான மாதிரி முடித்துவிட்டாராம். அப்புறம் நூலகர் ஒரு தாளை வாசித்தார்: "இந்த மாதிரி துரோகிகளை வரிசையாக நிற்க வைத்துச் செருப்பால் அடிக்க வேண்டும்." பக்கம்கூடச் சரியாகப் போட்டிருந்தது. எழுதியது தையல்கடைக்காரர் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் எழுந்து நின்று பெருமையாகச் சிரித்தார். அக்கா, அவர் அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர். தினமும் காலையில் அப்பாவின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்கிறவர்.

நான் கதவோரம் பார்த்தேன். அப்பாவின் முகத்தில் எதுவுமே இல்லை.

அடுத்தது என் தாள். நூலகர் வாசித்து முடித்ததும் எல்லோரும் நாவலைப் புரட்ட ஆரம்பித்தார்கள். "படம் எடுக்கிறதா? அப்படி ஒரு காட்சியே இல்லையே! எந்தப் பக்கம்?" என்றார் தலைவர் தாத்தா. பக்கம் போட நான் மறந்தே போயிருந்தேன். போடுவதற்குப் பக்கமும் இல்லை. மருந்துக்கடை ஆன்ட்டி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டம் போட்ட தாள். இங்க கணக்குப் பாடம் படிக்கிற ஆள் யாரு? ஏ பாப்பா, எழுந்திரு எழுந்திரு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எழுந்தேன். "சொல்லும்மா, எந்தப் பக்கம்? பயப்படாத. நீயா கற்பனை பண்ணினியா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று தாத்தா அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான். முந்தைய இரண்டு ஊர்களிலும் நாம் எப்படிக் கிளம்பினோம் என்று உனக்குத் தெரியும். விஷயம் வெளியே வந்த அன்றே அம்மா பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிவிடுவார். இந்த வீட்டுக்கு வந்து இவ்வளவு நாளாகியும் பாதிப் பாத்திரத்தை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை. என் வாயாலேயே இந்த ஊரும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது கதவோரத்திலிருந்து, "அது நான் எழுதினது" என்று குரல் கேட்டது.

அப்பா நடந்து வந்தார். முன்னால் மேசைக்குப் போகவில்லை. எனக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் வந்து, அவர்களைப் பார்த்து நின்றுகொண்டார். எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. "பொண்ணு நோட்டுல கிழிச்சு எழுதினேன். நாவல்ல பக்கம் இல்லீங்க. நான் அங்க இருந்தேன்" என்றார்.

மருந்துக்கடை ஆன்ட்டிதான் முதலில் கேட்டார், "அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று. அப்பா, "சொன்னோங்க, நாலு பேருமே சொன்னோம். அந்தப் படம் வெளியவே வரல" என்றார். பிறகு, "அவர் சொன்னாலும் நாங்க நகர்ந்திருக்கக் கூடாது. அதுக்கு வேலை போனது நியாயம்தான். பணம் வாங்கினோம்னு சொன்னாங்க பாருங்க..." என்றார். அவருடைய சட்டைக் காலருக்குக் கீழே வேர்த்து நனைந்திருந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். எல்லோரும் அப்படியே எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

தலைவர் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க" என்றார். அப்பா நிமிர்ந்து நின்றார். "நாவலை முழுசாப் படிச்சீங்களா?" என்றார் தாத்தா. "இல்லீங்க" என்றார் அப்பா. "கொஞ்சமாவது?" "அட்டையைத்தான் பார்த்தேன்." தாத்தாவுக்கு வந்ததே கோபம்! "புத்தகத்தைத் தொடாமலே கருத்தா? இதுவரைக்கும் இந்த வட்டத்துல யாரும் செய்யாத அக்கிரமம் இது! அடுத்த கூட்டத்துக்குள்ள முழுசாப் படிச்சு, பக்கம் போட்டு எழுதிக் கொண்டாரணும். இதுதான் தண்டனை!" என்று மேசையைத் தட்டினார்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அந்தப் பெட்ரோல் ஆசாமி, "சார், நிஜமாவே துரத்தும்போது பெட்ரோல் தீர்ந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அப்பா, "துரத்துற வண்டியில எப்பவும் டேங்க் நிறைஞ்சிருக்கும், அப்ப அது நான் பார்த்த வேலை" என்றார். அப்படியே ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தையல்கடைக்காரர் மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அப்பாவிடம் வந்தார், ஆனால் மன்னிப்பு கேட்கவில்லை. "சார், காலையில கிளாஸ் இருக்குல்ல?" என்றார். அப்பா, "இருக்கு. நாளைக்காவது செருப்பை மாட்டிட்டு வாங்க, வெறுங்காலோட பிரேக் மிதிக்காதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே நீ! எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் சிரித்துக்கொண்டேதான் அழுதேன்.

வழியில் அப்பா என்னைத் திட்டவில்லை. "ரகசியமா எழுதுறவ கட்டம் போட்ட தாள்லயாடி எழுதுவா?" என்று மட்டும் தலையில் தட்டினார். தெருவிளக்குக்குக் கீழே நின்று நாவலைப் பிரித்து, முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஆரம்பத்துலயே கார் கதவைத் தப்பான பக்கம் திறக்கிறான்" என்றார். அவர் தானாக ஒரு வேடிக்கை சொல்லி எத்தனை நாளாயிற்று! "அம்மாகிட்ட நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காத" என்றார். புத்தகத்தை என் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அட்டைப்பெட்டி இழுக்கும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பயம் மாதிரி இல்லை. நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தவர் யாரோ எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போன மாதிரி இருக்கிறது.

அக்கா, உன்னை நான் எதுவும் கேட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் செய். அடுத்த முறை போன் செய்யும்போது அம்மாவிடம், "அப்பாகிட்ட குடுங்க" என்று சொல். மன்னிப்பெல்லாம் வேண்டாம். சாப்பிட்டீங்களா என்று கேள், போதும். அவர் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். நீ அவசரப்பட்டு வைத்துவிடாதே, அப்பா கட்டாயம்

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். "அந்தப் புத்தகத்தைக் குடுடி, நானும் படிக்கணும்" என்கி