என் ராட்சசனைக் கொன்றவருக்கு

ஏங்க,

குழாய் ரிப்பேர் செய்பவர் பதினொரு மணிக்கு வருவார். பின்கதவுச் சாவி மைக்ரோவேவ் மேல் இருக்கிறது. மதியச் சாப்பாடு ஃபிரிட்ஜில், நீல டப்பாவில். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நேற்று நான் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லை, இல்லையா?

பதினைந்து வருஷம் கழித்து வீடியோ கேம் பக்கம் வந்திருக்கிறேன். வாரத்தில் எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை முக்கால் மணி நேரம். அதில் பாதி, அப்டேட் இறங்குவதற்கே போய்விடும். மீதியில் எந்தப் பட்டன் எதற்கு என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, கோட்டை வாசல் ராட்சசனிடம் ஐந்து வாரமாக உதை வாங்கினேன். நேற்று ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "அம்மா, அப்பா உன் ராட்சசனைக் கொன்னுட்டாரு!" என்று நம் பெண் குதிக்கிறாள். "பாவம், நீ கஷ்டப்படறியேன்னுதான் முடிச்சு வச்சேன்" என்று நீங்கள் பெருமையாகச் சிரிக்கிறீர்கள்.

யாருங்க கேட்டது? ஆபீஸில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய புரோகிராமில் உள்ள தப்பைத் திருத்துகிறேன். எனக்கே எனக்கென்று தப்பு செய்ய, தோற்க, ஒரு இடம் இருந்தது. அதிலும் நீங்கள் ஜெயித்து வைத்துவிட்டீர்கள். உதவி செய்தே ஆகவேண்டும் என்றால், துணி மடிக்காமல் கட்டிலில் மலை மாதிரி கிடக்கிறது.

முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன். சனிக்கிழமை பக்கத்தில் உட்காரலாம். கை மடியில் இருக்கட்டும், வாய் மூடியிருக்கட்டும்.

குழாய்க்காரருக்கு டீ கொடுங்கள்.

இன்னொன்று: அந்த ராட்சசன் இடது கையை ஓங்கும்போதுதானே குனிய வேண்டும்? வேண்டாம், சொல்லாதீர்கள்.