ஒரே ஜாடையில் இரண்டு துப்பாக்கிகள்

ஹெல்மர் மேடு,
தெற்கு இண்டியானா.
டிசம்பர் 12

அன்பு மகன் டேரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அலாஸ்காக் குளிர் உன்னை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும். இங்கே உடம்பளவில் அப்பாவும் நானும் சுகம்தான். மற்றதைச் சொல்லத்தான் பேனா எடுத்தேன். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. நீ படகில் ஏறிவிட்டால் போன் கிடைக்காது. கரையில் இருந்தாலும், மான் வேட்டைக் காலத்தில் என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

கீழ்வயலை இந்த வருஷமும் குத்தகைக்கு விட்டுவிட்டேன். சோளம் சுமாராக வந்தது. களஞ்சியத்தின் கூரை ஒரு பக்கம் ஒழுகுகிறது. பக்கத்துப் பண்ணை லீராய் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு, டாக்டர் ஏறக்கூடாது என்று சொன்ன ஏணியில் ஏறித் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். நான் கீழே நின்று கத்தினேன். அவர், "விழுந்தா உன் கோழிக்கறி டம்ப்ளிங் மாவுருண்டை சாப்பிட இன்னொரு ஆள் கெடைக்காமலா போவான் மார்சி?" என்று சிரித்தார். மாதா கோவிலில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடத்துகிறார்கள். எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள்.

அப்பாவின் மறதி போன கடிதத்தில் எழுதியதைவிட முற்றிவிட்டது. என் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. வருஷம்தான் நிற்பதில்லை. காலையில் ஒரு வயதில் எழுந்திருக்கிறார், மதியத்துக்குள் வேறொரு வயதுக்குப் போய்விடுகிறார். அக்டோபர் கடைசியில் இலை உதிர ஆரம்பித்ததும், வேட்டையில் ஆள் என்று தெரியப் போடும் அந்த ஆரஞ்சு மேல்சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "பசங்கள எழுப்பு, வெளிச்சம் வரப்போவுது" என்றார். அன்றைக்கே அலமாரியைத் திறந்து, அந்த இரண்டு குட்டைத் துப்பாக்கிகளிலும் தோட்டாவைத் தள்ளி வெடிக்க வைக்கும் போல்ட்டை உருவி எடுத்து மாவுப் பீப்பாயில் புதைத்தேன். தோட்டா டப்பாக்களை லீராயிடம் கொடுத்துவிட்டேன். துப்பாக்கிகளையும் கொடுத்திருக்கலாம். ஆனால் அலமாரி காலியாக இருந்தால் அவர் வீட்டையே புரட்டிப் போடுவார். கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாந்தமாகிவிடுவார்.

அவை வீட்டுக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அதுவரை நம் மாநிலத்தில் மானுக்கு ஷாட்கன்தான், ரைஃபிள் கூடாது. சட்டம் மாறி, ரிவால்வர் தோட்டா போடும் ரைஃபிள் மட்டும் பரவாயில்லை என்றதும் உன் அப்பா சின்னப் பிள்ளையாகிவிட்டார். ஒரே கடையில், ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு வாங்கி வந்தார், தனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. சமையலறை மேஜையில் வைத்து போல்ட்டை இழுத்து இழுத்துக் காட்டினார். "பாரு மார்சி, எவ்ளோ குட்டை! பரண் மேல கிளைல இடிக்காது. தோள்லயும் உதைக்காது. பாக்கறதுக்குத்தான் குட்டிப் பய, கடிச்சா விடமாட்டான்" என்றார். கோரி ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "ஏம்ப்பா, இது துப்பாக்கியா, கிறிஸ்துமஸ் பொம்மையா?" என்று கேட்டான். அவனுக்குத் தாத்தாவின் ஷாட்கன்தான் வேண்டும் என்று பிடிவாதம். "தம்பிக்குத் தோள் கன்னிப்போனாத்தான் வேட்டை" என்று நீ சீண்டினாய். அவன் உன்மேல் ரொட்டித் துண்டை எறிந்தான்.

அந்தக் காலையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. இப்போது நான் பேசியாக வேண்டும், பொறுத்துக்கொள். அப்பா மேட்டுப் பரணில், நீ ஓடைப் பரணில், கோரி வேலியோரம். காடு முழுக்க மூடுபனி. கோரி சுட்ட கலைமான் அடிபட்டு ஓடியது. அவன் இறங்கி, ரத்தம் விழுந்த இடம் தப்பிவிடக் கூடாதென்று தன் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றிப் புதரில் மாட்டிவிட்டு, உள்ளே போட்டிருந்த பழுப்புக் கோட்டோடு பனிக்குள் நடந்தான். இரண்டு ரைஃபிள் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டதாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே நினைவிருக்கிறது. ஒரு குண்டு அவனைத் துளைத்து வெளியே போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே ஜாடைத் துப்பாக்கி, ஒரே தோட்டா. காயத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. ஷெரிஃபின் ஆட்கள் கேட்பதற்கு முன்பே நீ, "நான்தான் சுட்டேன்" என்று சொல்லிவிட்டாய். விபத்து என்று எழுதி உன் பெயரைப் போட்டார்கள். அதற்கப்புறம் யாரும் காட்டில் எதையும் தேடவில்லை.

அடக்கத்தின்போது அப்பா உன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. உன்னை அவரால் மன்னிக்க முடியவில்லை என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நம்பினேன். வசந்தத்தில் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அவர் களஞ்சியத்திலிருந்து வெளியே வரவே இல்லை.

இந்த வருஷம் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை, நான் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. அவருடைய துப்பாக்கியும் இல்லை, அந்தத் தோல்வார் கட்டியது. ஈரப் புல்லில் அவர் நடந்த தடம் மேட்டுக்குப் போயிற்று. கையில் கிடைத்த கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். அது பழுப்புக் கோட்டு என்பது காட்டுக்குள் பாதி தூரம் போனபிறகுதான் உறைத்தது. அன்றைக்கும் அதே பனி. டேரன், நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு முன்னால் யாரோ இலையை மிதித்துக்கொண்டு நடப்பது போலவே இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

பெரிய மேப்பிள் மரத்துக்கு அருகில் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அப்பா பரணில் உட்கார்ந்து என்னைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். குழாயின் வாய் நேராக என் நெஞ்சுக்கு. அவர் வலது கை போல்ட்டைத் தேடிற்று. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. விரல்கள் வெறும் பள்ளத்தைத் தடவின, மறுபடி தடவின. அது மட்டும் அங்கே இருந்து, எங்கேயாவது ஒரு தோட்டா அவர் பையில் தங்கியிருந்தால், இந்தக் கடிதத்தை லீராய்தான் உனக்கு எழுதியிருப்பார்.

"ஆல்வின், நான்தான்" என்று கடைசியில் கத்தினேன். அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்து, "கோரி, மேல்சட்டைய எங்கடா போட்ட?" என்றார். அப்புறம் அழ ஆரம்பித்தார். நான் ஏணியில் ஏறி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேசியதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"கொம்புன்னு நெனச்சேன் மார்சி. பனில ஏதோ ஆடுச்சு, கொம்புன்னு நெனச்சேன். நான் சுட்டதும் அவன் உக்காந்துட்டான். டேரன் சுட்டது அந்த மேப்பிள்ல பட்டுப் பட்டை தெறிச்சுது, இந்தக் கண்ணால பாத்தேன். நான் எறங்கி வர்றதுக்குள்ள டேரன் ஓடிப்போய்த் தம்பிய மடில போட்டுக்கிட்டு, நான்தான், நான்தான்னு கத்தறான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான். அப்புறம் தொறக்க முடியல."

வீட்டுக்குக் கூட்டி வந்து காப்பி கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் எல்லாம் அழிந்துவிட்டது. "மழை வருமா?" என்று கேட்டார்.

நோயாளி உளறியதை நம்பி உனக்கு எழுதக் கூடாது என்று நினைத்தேன். லீராயைக் கூட்டிக்கொண்டு போனேன். மரம் தடித்திருக்கிறது. ஓடையைப் பார்த்த பக்கத்தில், என் மார்பு உயரத்தில், கொப்புளம் ஆறினது போல ஒரு வட்டத் தழும்பு. மேட்டுப் பரணிலிருந்து சுட்டால் அந்தப் பக்கத்தில் படவே படாது. லீராய் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். "மார்சி, இத வெட்டினா மறுபடி ஒட்ட வெக்க முடியாது. உள்ள என்ன இருந்தாலும் ஒருத்தன நீ இழக்கணும். யோசிச்சுக்கோ" என்றார். நான் மேட்டைப் பார்த்தேன், ஓடையைப் பார்த்தேன். "வெட்டுங்க" என்றேன்.

அவர் ரம்பத்தால் தழும்பைச் சுற்றி ஒதுக்கி அறுத்து, ஒரு ரொட்டி அளவுக்குக் கட்டையாக எடுத்தார். பின்பக்கத்தில், உலோகக் கறையால் நீலம் பாய்ந்த மரத்துக்குள், குண்டு தெரிந்தது.

வனத்துறைக்கு நானே போன் செய்தேன். ஓர் இளம் பெண் அதிகாரி வந்தாள். கட்டையையும் இரண்டு துப்பாக்கிகளையும் கொடுத்தேன். மாவைத் தட்டிவிட்டுப் போல்ட்டுகளையும் கொடுத்தேன். அப்பாவை விசாரிக்க வேண்டும் என்றாள். அவர் மேஜையில் நாப்கினைக் கழுத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து, "டேரனோட பொண்ணா நீ? உக்காரு, சாப்புடு" என்றார். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உட்கார்ந்து ஒரு டம்ப்ளிங் சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நேற்று அவளிடமிருந்து போன் வந்தது. மரத்திலிருந்த குண்டின்மேல் குழாய் பதித்த வரிகள் தோல்வார் இல்லாத துப்பாக்கியோடு பொருந்துகின்றனவாம். அது உன்னுடையது. பதிவைத் திருத்துகிறார்கள். மேலே வழக்கு ஒன்றும் இல்லை என்றாள். ஊருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்கிறேன், நீ மட்டும் சுமக்க வேண்டாம். இரண்டு நாள் அவருக்கு நான் சாப்பாடு போடவில்லை. லீராய் வந்து போட்டார். கோரி போனதிலிருந்து உன் அப்பா பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருப்பார். கடவுள்மேல் வருத்தம் என்று நினைத்து நான் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்து, அவர் தூக்கத்தில் விரலை மடக்குவதைக் கூட வாதம் என்று எண்ணித் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். உன்னைத் துரத்திவிட்டுத் தான் இங்கே இருந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. உலுக்கினால் திரும்பிப் பார்ப்பது வேறொருவர். சிரிக்கிறார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். குற்றம் செய்தவர் நழுவிவிட்டார், டேரன். அவர் விட்டுப்போன உடம்பைத்தான் நான் குளிப்பாட்டுகிறேன்.

கோரியும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அப்பா தினமும் அவனோடு பேசுகிறார். பின்கதவைத் திறந்து, "காலத் துடச்சிட்டு உள்ள வா" என்கிறார். திட்டினாலும் கேட்பதில்லை, யாரோ உள்ளே வரும் அளவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நானும் இப்போதெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.

நீ வர வேண்டும். உன்னிடம் அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எண்ணி வராதே. கேட்க வேண்டிய ஆள் இல்லை. வந்து அவரைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, நான் தடுக்க மாட்டேன். பேச வேண்டாமென்றால் களஞ்சியக் கூரையைப் பழுதுபார், உச்சியில் நின்று ஆணி அடி. அதுவும் முடியாவிட்டால் வாசல் வரைக்குமாவது வந்து, நான் உன்னைக் கண்ணால் பார்க்க நின்றுவிட்டுப் போ. கிறிஸ்துமஸுக்கு என்று நான் கேட்கவில்லை. எந்த நாளானாலும் எனக்குச் சம்மதம்.

நீ அன்றைக்கு ஏன் முந்திக்கொண்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உண்மையிலேயே உன் குண்டு என்று நம்பினாயா, மேட்டிலிருந்து இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டாயா? அது உன்னோடே இருக்கட்டும்.

படகில் வலை இழுக்கும்போது கயிறு வெட்டாமல் கையுறை போட்டுக்கொள். கடவுளும் மாதாவும் உன் இரண்டு கைகளையும் காக்கட்டும். அந்தக் கைகள் ஒரு மரத்தைத் தவிர யாரையும் காயப்படுத்தவில்லை, மகனே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
மார்செல்லா