நாலு சக்கரமும் பிடித்துவிட்டது, மச்சான்

ஆசை மச்சானுக்கு,

முதலில் நல்ல சேதி. வண்டி மேடேறிவிட்டது. கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் நாம் ஆள் இறக்குகிற ஏலத்தோட்டம் இருக்கிறதே, அந்தச் சேற்றுச் சரிவில் ஒரே மூச்சில் ஏறிவிட்டது. அப்பாடா என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன். கட்டின புருஷனை மச்சான் என்று எழுதுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் நெஞ்சுவலியில் போன பின்பு ஜீப்பை நானே ஓட்டுகிறேன். விடிந்ததும் கம்பத்தில் பேச்சியக்காவையும் கூட வேலைக்கு வரும் பெண்களையும் ஏற்றிப்போய், ஏலக்காய் பறிக்கிற இடத்தில் இறக்கி, சாயங்காலம் கூட்டிவருகிறேன். நம் வீட்டுச் சோறு அதில்தான் வருகிறது. ஊர்வாய் கொஞ்ச நாள் மென்றது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

மழை தொடங்கியதும் வம்பு வந்தது. நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற அந்தச் சின்ன லிவர் காலைக் குளிரில் விழவே மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் இழுத்தேன். அடியில் ஒரு முனகல்தான் கேட்டது. பின்சக்கரம் மட்டும் சுற்றி வழுக்க, பெண்கள் இறங்கிச் சேற்றில் நடந்தே மேலே போனார்கள். தோட்டத்துக் கங்காணி இரண்டொரு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இப்படியே லேட்டானா வேற வண்டி பாத்துக்கிருவோம்த்தா" என்று சொல்லிவிட்டார்.

ஜீப் ஸ்டாண்டில் உங்கள் கூட்டாளி முருகேசண்ணன் அடியில் படுத்துப் பார்த்தார். "ட்ரான்ஸ்பர் கேஸ் போயிருச்சுத்தா. பிரிச்சா உனக்குக் கட்டுபடியாகாது. வந்த விலைக்கு வித்துரு" என்றார். முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியே அதுதான். அது போனால் இந்த மலையில் ஜீப் எதற்கு? அன்றைக்கு எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. இருக்கிறபோது இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

விற்பதற்கு முன்னால் ஆயிலையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று அடம்பிடித்தேன். அண்ணன் சலித்துக்கொண்டே வந்தார். ஊற்றுகிற வாயின் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, பிறகுதான் அடிப் போல்ட்டைக் கழற்றினார். இரும்புத் தூளைப் பிடிக்க அதன் நுனியில் இருக்கிற காந்தத்தில் மை மாதிரிக் கொஞ்சம் பசை ஒட்டியிருந்தது. இரும்புத் துண்டு எதுவும் இல்லை. "பல்லு உடையல போலயே" என்று அவரே முணுமுணுத்தார். ஆயில் மட்டும் மஞ்சளாக, கெட்டியாக, இறங்க மனமில்லாமல் இறங்கியது.

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் இந்தப் பெட்டிக்கு ஆயில் மாற்றின நாளில் பனியனெல்லாம் சிவப்புக் கறை. திருட்டுத்தனமாக வெற்றிலை போட்டுவிட்டு மழுப்புகிறீர்கள் என்று என்ன பேச்சுப் பேசினேன்! தோய்த்துத் தோய்த்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

"அண்ணே, இது செவப்பால்ல இருக்கணும்?" என்றேன்.

அண்ணன் முகம் செத்துவிட்டது. "ஆத்தாடி! தொண்ணூறாம் நம்பர் கெட்டி ஆயிலைல்ல ஊத்திப்புட்டோம்!"

வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னால் ஸ்டாண்டுக்காரர்கள் கூட்டாக ஒரே பெரிய வாளியில் கியர் ஆயில் வாங்கி, எல்லா வண்டிக்கும் பங்குபோட்டு ஊற்றுவார்களே. இந்த வருஷம் நீங்கள் இல்லையென்று உங்கள் பங்கை விட்டுவிடவில்லை. நம் வீடு தேடி வந்து, வண்டிக்கடியில் இருந்த பெட்டிகள் அத்தனையிலும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ஜீப்புகளுக்கு அது சரிதான். நம்முடையது பிந்தி வந்த வண்டி. அதன் ட்ரான்ஸ்பர் கேஸுக்கு மெல்லிய ஆயில்தான் ஆகும். அதை மட்டும் நீங்கள் சத்தமில்லாமல் தனியாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். பாசத்தில் ஊற்றினதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது, சொல்லுங்கள்?

கடையில் போய்ச் சிவப்பு ஆயில் கேட்டேன். "செவப்பா இருக்கதெல்லாம் ஒண்ணு இல்லம்மா. வண்டி புத்தகத்துல எந்த ரகம் போட்டிருக்காகன்னு பாத்துட்டு வாங்க" என்றார் கடைக்காரர். பார்த்து, அதையே வாங்கினேன். ஒருதரம் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, உள்ளே ஒட்டியிருந்த பழைய கசடோடு இறக்கினோம். பிறகு புதிதாக, வாயில் வழிகிற மட்டும் ஊற்றி மூடினோம்.

ஸ்டாண்டே சுற்றி நின்றது. லிவரைப் பிடித்தேன். ஒற்றைக் கைக்கு விழுந்தது! முருகேசண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மாப்ள வண்டிய நானே கொன்னுட்டேன்னு பயந்துட்டேன்த்தா" என்றார். எனக்கோ சிரிப்பு. அடக்கவே முடியவில்லை. பேச்சியக்கா, "ஏத்தா, சிரிச்சது போதும், வண்டிய எடு" என்று அதட்டுகிற வரைக்கும் சிரித்தேன்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. நீங்கள் ஓட்டும்போது மலை ஏறத் தொடங்கியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்களாம். என் வண்டியில் ஒருத்தியும் கண்ணை மூடியதில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வருவார்கள். நான் கவனிக்காத மாதிரி ஓட்டுவேன். உள்ளுக்குள் வலிக்கும்.

இன்று காலை சரிவேறி, தோட்டத்து வாசலில் நிறுத்தினேன். யாரும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பேச்சியக்கா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார். மற்றவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடக்கிறார்கள்.

கவலைப்படாதீர்கள் மச்சான். இனி ஒருத்தியின் தூக்கமும் கலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

உங்கள் மாமன் மகள்,
ஈஸ்வரி