இரண்டாவது தவளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள்.

அப்பா இறந்த பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் செய்தியை ஆபீஸில் இருக்கும்போது பார்த்தேன். "தவளை ஏழாம் பாகம் எப்படி இருக்கு? வாங்கலாமா?" என்று அந்த வீடியோ கேமைப் பற்றி மட்டும் கேட்டிருந்தாய். கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தேன். இல்லை. போனில் பதில் போட்டால் "நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் பாகம் பார்க்க அழகு. மழை பெய்தால் தவளையின் குடையில் துளி தெறிக்கிறது. ஆனால் தாவல் சரியில்லை. ஐந்தாம் பாகத்தில் தவளைக்கு எடை இருந்தது. தாவினால் தாவியதுதான், பாதியில் மனம் மாற முடியாது. இதில் அந்தரத்திலேயே திரும்பிக்கொள்ளலாம். விழுந்தாலும் ஒன்றும் ஆவதில்லை, அதே இடத்தில் எழுந்து நிற்கிறது. எல்லாரும் அதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

ஆறாம் பாகம் உனக்கு நினைவிருக்கும். திரை தானாக ஓடும், பின்தங்கியவன் செத்தான். நீயும் அப்பாவும் ஒரே ஒரு நாள்தான் அதை விளையாடினீர்கள். "என்னடா இது, ஆள விட்டுட்டு ஓடுது" என்று அப்பா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். மறுபடியும் ஐந்துக்கே போனீர்கள். அதில் நீ விழுந்தால் குமிழிக்குள் மிதப்பாய். அப்பா பட்டறைக் கிரீஸ் போகாத விரலால் பட்டனை அமுக்கித் திரும்பி வந்து குமிழியை உடைத்து, "ஏறுங்க துரை" என்பார்.

என் வேலை அப்படியே போகிறது. பார்சல் கம்பெனியில் புகார்ப் பிரிவு. தொலைந்த பார்சலுக்கெல்லாம் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நாள் முழுக்க எழுதுகிறேன். அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது என் மனதில் அந்த வாக்கியம்தான் ஓடியது. அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. பக்கத்து சீட்டு அக்கா, "நீ ரொம்ப தைரியசாலிடி" என்றாள். வீட்டில் முதல் பட்டதாரி, அதனால் தைரியம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

இப்போது வீட்டில் தவளை விளையாடுவது அம்மா. "அந்தத் தவளையக் கட்டிக்கிட்டே அழுங்க" என்று உங்கள் இருவரையும் திட்டிய அதே அம்மாதான். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று நான்தான் ஏழாம் பாகத்தை வாங்கி வந்து கையில் கொடுத்தேன். ஆட்டம் தொடங்கும்போது எத்தனை பேர் என்று கேட்கும் அல்லவா? அம்மா "இரண்டு" என்று அமுக்கினாள். நீங்கள் எப்போதும் அப்படித்தான் அமுக்குவீர்கள், அதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

ஏழாம் பாகத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தால்தான் மணி அடிக்கும், அடுத்த கட்டம் திறக்கும். அம்மா பச்சைத் தவளையை ஓட்டிக்கொண்டு மணி வரைக்கும் போகிறாள். கயிற்றை இழுக்கிறாள். அடிக்கவில்லை. திரும்பி ஆரம்பத்துக்கே வந்து, அசையாமல் நிற்கும் உன் சிவப்புத் தவளையைப் பார்க்கிறாள். ரொம்ப நேரம் தொடாவிட்டால் அது உட்கார்ந்து தூங்கிவிடும். "தூங்கிட்டான் பாரு" என்கிறாள். மறுபடியும் மணிக்குப் போகிறாள். இன்னும் முதல் கட்டத்தைத் தாண்டவில்லை.

"ஒருத்தர்னு போடும்மா, சரியாயிடும்" என்று சொல்லிப் பார்த்தேன். "ஒருத்தர்னு போட்டா அவன் எங்க நிப்பான்?" என்றாள். சரி, இரண்டாவது கன்ட்ரோலரை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "வை. அது அவனோடது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணா, உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பது அம்மாவுக்குப் புரிந்தது. "அவன் என்ன செய்வான், பாவம்" என்று வந்தவர்களிடம் அவளே சொன்னாள். அதன் பிறகும் நீ ஏன் போன் செய்யவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிகிறது. என்ன பேசுவது என்று தெரியாதபோது நானும் இப்படித்தான் இருப்பேன்.

அதனால் நீ பேச வேண்டாம். ஏழாம் பாகத்தை வாங்கு. ஒருவர் வெளியூரில் இருந்தாலும் சேர்ந்து விளையாடலாம், இந்தப் பாகத்தில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். "பட்டறை" என்ற பெயரிலிருந்து உனக்குக் கேமில் அழைப்பு வரும். அப்பா வைத்த பெயர், மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலையெல்லாம் முடித்துவிட்டு அம்மா உட்காருவாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ வராவிட்டால் இன்னொரு ஞாயிறு, அவ்வளவுதான். ஆனால் அவள் திரும்பி வந்து பார்க்கும்போது அந்தச் சிவப்புத் தவளை ஒரு தடவை அசைய வேண்டும் அண்ணா.

மணி வரைக்கும் அவள் பின்னாலேயே வா. பாலம் தாண்டியதும் பாசி இருக்கிறது, வழுக்கும். அங்கே மட்டும் பார்த்து வா.

உன் தங்கை,
ஊமைக்கோட்டான்