கல்லூரிக்குப் போன கல்யாணப் புடவை

அக்கா,

இன்று காலை கஞ்சி காய்ச்சினேன். குடிக்க அல்ல, புடவைக்குப் போட. இஸ்திரிக்காரர் கடைக் கஞ்சிப் பொடியைக் கரைத்துத் தெளித்துக் கொண்டுவருகிறார். பார்க்க மொடமொடவென்று இருக்கிறது. ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் கசங்கிப்போகிறது. எனக்கு ஒத்துவராது. பழைய அரிசியை நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, நானே புடவையை முக்கி எடுத்தேன். அந்த வாசனை வீட்டில் பரவியதும், நீங்கள் பக்கத்து வீட்டிலிருந்து பின்கட்டு வழியாக வந்து, "இன்னாமா கான்வென்ட்டு, யாருக்குப் பொடவை?" என்று கேட்பதுபோல் இருந்தது.

வாலாஜாபாத் பெண் ஒருத்திக்கு. அவள் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். நாளை சென்னையில் ஒரு கல்லூரியில் கட்டணச் சலுகை கேட்டு நேர்காணலுக்குப் போகிறாள். பள்ளிச் சீருடையைத் தவிர நல்ல உடுப்பு இல்லை என்றாள். வெள்ளையில் நீலக்கரை போட்ட நூல் புடவை ஒன்று வாங்கினேன்.

காஞ்சிபுரத்துக்கு நான் வந்தது என் கணவரின் உத்தியோகத்தால். சென்னையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்ற மிடுக்கு எனக்கு உண்டு. அதை இன்றும் மறைப்பதில்லை. குழாயடியில் வரிசையைக் குலைத்தவர்களை நான் திருத்தப் போனபோது, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தவர் நீங்கள்தான். "நீ பேசுறது சிலேட்டுல கோடு போட்டு எழுதின மாதிரி இருக்குதுமா" என்றீர்கள். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். தெரு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து உங்களுக்கு நான் கான்வென்ட்டு.

சரோஜாவின் அம்மா தாமல் காலனியிலிருந்து வந்து, உங்கள் வீட்டுத் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் பள்ளி இறுதித் தேர்வில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்று நீங்கள் சொன்னபோது, நான் படித்த கல்லூரியில் ஏழைப் பெண்களுக்கு விடுதியோடு இலவச இடம் தருவார்கள் என்றேன். "அப்ப இன்னா உக்காந்துக்கினு பாக்குற? எழுது" என்றீர்கள். எழுதினேன். நேர்காணலுக்கு வரச்சொல்லி பதில் வந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பேச்சு என் பொறுப்பு, உடுப்பு உங்கள் பொறுப்பு. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில், முழு வாக்கியத்தில், நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்ல அவளைப் பழக்கினேன். புறப்படுகிற காலையில் நீங்கள் அவளை அழைத்து வந்தபோது அவள் உங்கள் கல்யாணப் புடவையில் இருந்தாள். அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை, உங்கள் வீட்டுக்காரர் தம் கையால் நெய்தது. உங்களிடம் இருந்த ஒரே பட்டு. காலனிப் பெண் உடம்பில் அதைப் பார்த்த தெருவில் இரண்டு வீடுகள் உங்களோடு பேச்சை நிறுத்தின. "பேசாட்டி போவட்டும், தண்ணி வரிசைல ரெண்டு குடம் கொறையும்" என்றீர்கள்.

எனக்கும் அது தவறாகப் படவில்லை, அக்கா. முதன்முதலாக ஒரு காரியத்துக்குப் போகிறவள் பட்டுக் கட்டிப் போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிறவர்களுக்குப் பட்டு என்றால் மங்கலம்தான். வேறு ஊர்க் கண்ணுக்கு அது பணமாகத் தெரியும் என்று நம் இருவருக்குமே உறைக்கவில்லை.

பஸ்ஸில் நீங்கள் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "யார் கேட்டாலும் உன்னுதுன்னு சொல்லு. இரவல்னு வாயில வரக்கூடாது. இரவல் கட்டினவ குனிஞ்சிக்கினே நிப்பா."

கல்லூரியில் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சற்று நேரத்தில் வெளியே வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பட்டு கட்டிக்கினு வந்து இலவசம் கேக்குறியான்னு கேட்டாங்க. யாருதுன்னாங்க. என்னுதுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"போலாம்னுட்டாங்க."

நான் பழக்கியபடி முழு வாக்கியத்தில், நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அனுமதி கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். அந்த அறைக்குள் அப்படி யாரும் போய் நான் பார்த்ததில்லை. முதல்வராக இருந்த மதர் அயர்லாந்துக்காரர், தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் பின்னாலேயே ஓடினேன்.

"தாயே, அது என் கண்ணாலப் பொடவை. எங்க ஊர்ல கஞ்சிக்கு இல்லாதவ வீட்லயும் ஒரு பட்டு இருக்கும்" என்றீர்கள்.

அப்படியானால் அவள் ஏன் தன்னுடையது என்று பொய் சொன்னாள் என்று மதர் கேட்டார். பொய் சொல்கிற பெண்ணுக்கு அங்கே இடம் கிடையாது. அது எனக்குத் தெரியும். மொழிபெயர்க்கும்போது என் குரல் இறங்கிவிட்டது.

நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. "அவ பொய் சொல்லல. குடுத்துட்டேன். அது அவளுதுதான். பட்டும் இருக்குது, வீட்ல சோறும் இல்ல. ரெண்டும் நிஜம். எழுதிக்கச் சொல்லு."

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மதர் உங்கள் முகத்தையும், கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர ஒன்றும் இல்லாததையும், கதவருகே நின்ற சரோஜாவையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

பஸ்ஸில் திரும்பினோம். ஊர் எல்லையில் கோபுரம் தெரிந்ததும், "அவருகிட்ட இன்னான்னு சொல்றது?" என்று கேட்டீர்கள். வீட்டுக்காரரிடம் நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

இடம் கிடைப்பதோடு முடிந்துவிடும் என்று நாம் இருவரும் நினைத்தோம். இரண்டாவது வருஷம் அவள் அம்மாவுக்குக் கை மூட்டுகள் வீங்கிப்போயின. தார் சுற்ற முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வெளியே போயிருந்த நேரம், சரோஜா விடுதியிலிருந்து பெட்டியோடு உங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினாள். புடவையை எடுத்துத் தறியோரம் வைத்து, "படிப்ப வுட்டுட்டேன் அக்கா. இது உங்களுது" என்றாள்.

நீங்கள் அதைத் தொடவில்லை. "என்னுது எப்படி? மதர்கிட்ட உன்னுதுன்னு சொல்லியிருக்குற. இப்ப நான் வாங்கினா நீயும் பொய், நானும் பொய். இந்தக் கான்வென்ட்டு வேற அதை இங்கிலீஷ்ல சொல்லியிருக்குது, அதுவும் பொய்."

"அம்மாவ யாரு பாக்குறது?"

"இங்க இருக்கட்டும். நீ பெட்டிய எடு."

அவள் பட்டம் வாங்கும்வரை அவள் அம்மா உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். அந்தத் தாரையெல்லாம் நீங்கள் சுற்றினீர்கள். நானும் உட்கார்ந்து சுற்றினேன். என் நூல் அறுந்துகொண்டே இருந்தது. "படிச்சவ சுத்தினது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நாம் அனுப்பிய எந்தப் பெண்ணும் பட்டில் போகவில்லை. கஞ்சி போட்ட நூல் புடவைதான். எவ்வளவு நீர்க்கக் காய்ச்ச வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள்.

நீங்கள் போன அன்று, சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கல்யாணப் புடவையைத்தான் போர்த்த வேண்டும் என்று உங்கள் பெட்டியை உருட்டித் தேடினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் தபால் ஆபீசுக்குப் போய், வந்தவாசிப் பக்கம் பள்ளியில் வேலையாக இருந்த சரோஜாவுக்குத் தந்தி கொடுத்தேன். புடவையோடு வரவும் என்று மட்டும். மாலைக்குள் வந்து சேர்ந்தாள். உயிரோடு இருந்தவரை நீங்கள் திருப்பி வாங்காத புடவையை அவள் கையால் உங்கள்மேல் போர்த்தினாள். இந்த முறை உங்களால் மறுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் கரையைத் தொட்டுப் பார்த்தார். அவர் நெய்த கரை. "இது எங்கம்மா இருந்துது?" என்று என்னைக் கேட்டார்.

"காலேஜுக்குப் போயிருந்தது" என்றேன்.

அவர் கரையை உங்கள் பாதம்வரை இழுத்து நீவிவிட்டார்.

இப்போது என் வீட்டில் என் கணவரும் இல்லை, பக்கத்து வீட்டில் தறிச் சத்தமும் இல்லை. சற்றுமுன் வாலாஜாபாத் பெண் வந்தாள். புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்ப திருப்பிக் குடுக்கணும் ஆயா?" என்றாள். ஆயா என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கமாட்டேன் என்கிறாள்.

"நாளைக்கு யாராவது இது யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வாய்?" என்று கேட்டேன்.

"உங்களுதுன்னு சொல்லட்டுமா?"

"உன்னுடையது என்று சொல். முழு வாக்கியத்தில், நிமிர்ந்து பார்த்து."

"பொய்யில்லையா ஆயா?"

இல்லை என்றேன். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஒரு புடவை வாங்குகிறேன், அக்கா. போனது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.